வீட்டுக் கணினி: "ஃபார்மட் பண்ணவா?" என்று கேட்டால்

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அப்பா வீட்டில், ரௌட்டருக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோருடைய படங்களையும் ஒரே இடத்தில் போட்டு வைப்பதற்கு விற்பார்களே, அந்த மாதிரி நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி. அப்பா தன் கல்யாண கேசட்டை டிஜிட்டல் ஆக்கி அதில்தான் போட்டு வைத்திருந்தார். பேரப்பிள்ளைகளுக்கென்று தேவாரம் பாடிப் பதிவு செய்ததும் அதில்தான். போன வருடம் அவர் காலமானார். இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் பெட்டி உயிர் பெறவே இல்லை. வாசகியின் பதினைந்து வயது மகன் உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி டாக்கில் செருகி, விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டியிருக்கிறான். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று திரையில் கேட்டிருக்கிறது.

"பெடியன் ஓமெண்டு அமத்தப் போனவன், நான் கையைப் பிடிச்சிட்டன். இப்ப அதை அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறன். அப்பான்ர குரல் அதுக்குள்ள இருக்கோ இல்லையோ எண்டுகூடத் தெரியேல்ல. என்ன செய்யிறது அண்ணா?"

கையைப் பிடித்ததுதான் இந்தக் கதையிலேயே பெரிய வேலை. மற்றதெல்லாம் பொறுமை இருந்தால் செய்யக்கூடியது.

விண்டோஸ் ஏன் அப்படிக் கேட்கிறது? அதற்குத் தெரிந்த ஃபைல் சிஸ்டம்கள் சிலதான்: என்டிஎஃப்எஸ், ஃபேட்32, எக்ஸ்ஃபேட் மாதிரி. இந்தப் பெட்டிகளுக்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். டிஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் இஎக்ஸ்டி4. படிக்கத் தெரியாத எழுத்தில் நிறைய எழுதிய நோட்டைக் கொடுத்தால், "இது வெற்று நோட்டு போல, அழிச்சிட்டு எழுதட்டுமா?" என்று கேட்கிற ஆள் மாதிரி விண்டோஸ். மேக்கும் பெரிய வித்தியாசமில்லை. "படிக்க முடியவில்லை, இனிஷியலைஸ் பண்ணவா?" என்று கேட்கும். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: வேண்டாம், கான்சல்.

இந்த நோட்டைப் படிக்கத் தெரிந்த கருவியின் பெயர் டிபக்எஃப்எஸ். ஜன்னல், பட்டன், மௌஸ் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும், எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்தில். 1993-இல் ரெமி கார்ட் உருவாக்கிய இஎக்ஸ்டி2, பிறகு வந்த இஎக்ஸ்டி3, 2008 கடைசியில் லினக்ஸ் 2.6.28-உடன் முழுமை பெற்ற இஎக்ஸ்டி4 என்று அந்தக் குடும்பம் மூன்றையும் அது படிக்கும். எழுதியவர் தியடோர் ட்சோ. இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் என்ற தொகுப்பில் இலவசமாக வருகிறது. வலையில் தேடும்போது லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும், இதே பெயர் கொண்ட வேறொரு சமாசாரமும் வந்து நிற்கும். குழம்பிவிடாதீர்கள், நமக்கு வேண்டியது அது இல்லை.

எனக்கு இந்தக் கருவியைப் பிடிப்பதற்குக் காரணம், அது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிற கருவி. நாமாக "எழுதலாம்" என்று சொன்னாலொழிய டிஸ்க்கில் ஒரு பைட்டைக்கூட மாற்றாது. சாதாரணமாக லினக்ஸில் டிஸ்க்கை மவுண்ட் செய்தால் அப்படியில்லை. "படிக்க மட்டும்" என்று சொல்லி மவுண்ட் செய்தாலும், கரண்ட் போனபோது பாதியில் நின்ற வேலை ஜர்னலில் இருந்தால், இஎக்ஸ்டி4 முதலில் அதை முடித்து டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் திறக்கும். நல்ல டிஸ்க்குக்கு அது நல்லது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எனக்கு அது பிடிக்காது.

உள்ளே போவதற்கு முன்னால் டிஸ்க்கில் என்ன எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் பிள்ளைக்குக் கூப்பிடுகிற பெயர் ஒன்று இருக்கும், பாஸ்போர்ட்டில் வேறொன்று, ஸ்கூலில் டீச்சர் வாயில் நுழைகிற மாதிரி மூன்றாவது ஒன்று. ஆள் ஒன்றுதான், பாஸ்போர்ட் எண்ணும் ஒன்றுதான். இஎக்ஸ்டி4-இல் ஒவ்வொரு ஃபைலுக்கும் அப்படி ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்குரிய பதிவுக்கு ஐநோட் என்று பெயர். சாதாரணமாக 256 பைட் அளவு. ஃபைல் எவ்வளவு பெரியது, யாருடையது, எப்போது உருவானது, எப்போது மாறியது, அதன் உள்ளடக்கம் டிஸ்க்கில் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒன்றே ஒன்றுதான் இருக்காது: பெயர். பெயர் இருப்பது ஃபோல்டரில். ஃபோல்டர் என்பதே "இந்தப் பெயருக்கு இந்த எண்" என்ற பட்டியல்தான். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மூல ஃபோல்டரின் எண் எப்போதும் 2.

அந்தக் கட்டங்களைப் பிளாக் என்கிறோம். பெரும்பாலும் ஒரு பிளாக் 4096 பைட். பிளாக் அளவு என்ன, மொத்தம் எத்தனை பிளாக், எத்தனை ஐநோட் என்ற அடிப்படைத் தகவல் இருக்கும் இடம் சூப்பர்பிளாக். தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்டி அது இருக்கும். அது கெட்டால், உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தாலும் வாசல் கதவு திறக்காது. அதனால்தான் இதை உருவாக்கியவர்கள் அதன் நகல்களைத் தூரத் தூர வைத்திருக்கிறார்கள். பிளாக் 4096 பைட் என்றால் 32768-ஆவது பிளாக்கில் ஒன்று, 98304-இல் ஒன்று, 163840-இல் ஒன்று என்று போகும். இந்த மூன்று எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள்.

இனி வேலை. முதலில் காது கொடுத்துக் கேளுங்க. டிஸ்க் "டிக், டிக்" என்று தட்டுகிற சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே படிக்கும் ஊசி பழுதாகியிருக்கலாம், ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடும். அது காசு கொடுத்து நிபுணர்களிடம் கொண்டுபோக வேண்டிய கேஸ். இரண்டு மூன்று டிஸ்க் உள்ள பெட்டி என்றாலும் தனியாக ஒன்றைக் கழற்றி வைத்து விளையாட வேண்டாம். ரெய்ட் என்ற ஏற்பாட்டில் ஒரே ஃபைல் எல்லா டிஸ்க்கிலும் பிரிந்து கிடக்கக்கூடும். புதிய பெட்டிகள் சிலதில் பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டம் இருக்கும், அதற்கு இந்தக் கருவி உதவாது.

வாசகி வீட்டில் ஒரே டிஸ்க், 2 டெராபைட், சத்தம் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உட்கார்ந்தோம். கீபோர்டில் மகன், பக்கத்தில் அம்மா, இந்தப் பக்கம் நான்.

விண்டோஸை விட்டு வெளியே வந்து, சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை யூஎஸ்பி குச்சியில் எழுதி அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பினோம். உபுண்டுவிலும் செய்யலாம்தான். ஆனால் டிஸ்க்கைச் செருகியதும் "வாங்க வாங்க" என்று தானாக மவுண்ட் செய்துவிடும் பழக்கம் அதன் டெஸ்க்டாப்புக்கு உண்டு. சிஸ்டம்ரெஸ்க்யூ சொன்னால்தான் தொடும். நமக்கு வேண்டிய கருவிகளும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன.

எல்எஸ்பிஎல்கே என்று அடித்து, கூடவே ஹைஃபன் எஃப் போட்டால், எந்த டிஸ்க்கில் எந்தப் பகுதி, அதில் என்ன ஃபைல் சிஸ்டம் என்று காட்டும். சின்னப் பகுதிகளுக்கு நேரே இஎக்ஸ்டி4 என்று இருந்தது. பெரிய பகுதிக்கு நேரே வெறுமை. அம்மா முகம் வாடியது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. வெறுமை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. சூப்பர்பிளாக்கில் இருக்கும் ஓர் அடையாள எண்ணைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் காட்டப்படுகிறது. அந்த இடம் படிக்க முடியாமல் போனாலும் இதே வெறுமைதான் வரும்.

டிபக்எஃப்எஸ்ஸைத் தொடுவதற்கு முன் அந்தப் பெரிய பகுதியை அப்படியே நகல் எடுத்தோம். இதற்குக் கருவி டிடிரெஸ்க்யூ. ஒரு புது 4 டெராபைட் டிஸ்க் வாங்கச் சொல்லியிருந்தேன். நகல் ஒரே பெரிய ஃபைலாக வரும் என்பதால் அந்த டிஸ்க் எக்ஸ்ஃபேட்டாவது இருக்க வேண்டும். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிடிரெஸ்க்யூவின் நல்ல குணம், படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். எதெல்லாம் எடுத்தாயிற்று, எது மிச்சம் என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2 டெராபைட்டுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும், படுக்கப் போகுமுன் போட்டுவிட்டுப் போகலாம். காலையில் பார்த்தால் மூன்றே மூன்று இடங்களில் மட்டும் படிக்க முடியவில்லை. அசல் டிஸ்க்கைக் கழற்றி மறுபடி அலுமாரிக்குள் வைக்கச் சொன்னேன். இனி எல்லா வேலையும் நகலில்.

டிபக்எஃப்எஸ் என்று அடித்து, பக்கத்தில் நகல் ஃபைலின் பெயர். "சூப்பர்பிளாக்கில் மேஜிக் எண் தவறு" என்று வந்தது. அந்த மூன்று கெட்ட இடங்களில் ஒன்று தொடக்கத்திலேயே இருந்ததுதான் காரணம். துண்டுச் சீட்டை எடுத்தோம். இந்தத் தடவை ஹைஃபன் பி 4096, ஹைஃபன் எஸ் 32768 என்று சேர்த்துக் கொடுத்தோம். முதலாவது பிளாக் அளவு, இரண்டாவது நகல் சூப்பர்பிளாக் இருக்கும் இடம். இரண்டாவதைக் கொடுத்தால் முதலாவதையும் கொடுத்தே ஆக வேண்டும்.

திறந்தது. எல்எஸ், ஹைஃபன் எல் என்று அடித்ததும் ஃபோல்டர் பெயர்கள் வரிசையாக வந்தன. "அம்மா, தாத்தாண்ட பேர் இருக்கு!" என்றான் பையன்.

சில பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில் பிதற்றல் மாதிரி, நடுநடுவே அரைப்புள்ளியோடு இருந்தன. டிஸ்க் கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தார்கள். இல்லை, அது பாமினி. அப்பா வேர்டில் பாமினி எழுத்துருவில் கடிதம் எழுதியிருக்கிறார். சேமிக்கும்போது முதல் வரியையே ஃபைல் பெயராக வேர்ட் எடுத்துக்கொள்ளும். பாமினியில் தட்டிய "அம்மா" என்ற சொல், எழுத்துருவை எடுத்துவிட்டால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் நிற்கும். யூனிகோடுக்கு முன்னால் தமிழில் தட்டிய எந்த அப்பா, சித்தப்பாவின் டிஸ்க்கைத் திறந்தாலும் இப்படிச் சிலது இருக்கும். பழுது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

தேவார ஃபோல்டருக்குள் போய், ஒரு ஃபைலின் மேல் ஸ்டாட் கட்டளை கொடுத்துப் பார்த்தோம். பெயரை முழுதாக அடிக்க வேண்டியதில்லை, ஐநோட் எண்ணைக் கோணல் அடைப்புக்குள் கொடுத்தாலே போதும். நீளமான தமிழ்ப் பெயர்களுக்கு இது பெரிய உபகாரம். ஃபைலின் அளவு, பிளாக் எண்கள், தேதிகள் எல்லாம் வந்தன. சிஆர்டைம் என்பது அந்த ஃபைல் இந்த டிஸ்க்கில் உருவான நேரம், எம்டைம் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். எம்டைம் 9:40 என்று இருந்தது. யூஎஸ்பியில் ஓடிய லினக்ஸ் யூடிசி நேரத்தில் இருந்ததால் டொராண்டோக் குளிர்காலத்துக்கு ஐந்து மணி நேரம் கழிக்க வேண்டும். அடுத்த ஃபைல் 9:35. அதற்கடுத்தது 9:50. எல்லாமே விடிகாலை நாலரை, நாலே முக்கால்.

"அப்பா வேலைக்குப் போற காலத்தில எழும்பின நேரம் அது" என்றார் வாசகி. "ரிட்டயர் ஆன பிறகும் அப்பிடித்தான் எழும்பியிருக்கிறார், எங்களுக்குத் தெரியாது." கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் அடிக்கவில்லை.

வெளியே எடுப்பதற்கு இரண்டு கட்டளை. ஒரே ஃபைல் என்றால் டம்ப், ஃபோல்டர் முழுவதும் என்றால் ஆர்டம்ப். எதை, எங்கே என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். போய்ச் சேரும் ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். எக்ஸ்ஃபேட் டிஸ்க்குக்கு எடுக்கும்போது உரிமையாளரை மாற்ற முடியவில்லை என்று வரிவரியாகப் புலம்பும். புலம்பட்டும். அந்த டிஸ்க்கில் உரிமையாளர் என்ற தகவலை எழுத இடமே இல்லை, ஃபைல் முழுசாகத்தான் வருகிறது.

இந்த ஆர்டம்ப் வேறொரு விதத்திலும் கைகொடுக்கும். 2010-ஐ ஒட்டி விற்ற சில பெட்டிகளில் பிளாக் அளவு 4096 அல்ல, 65536. அந்த டிஸ்க் முழு ஆரோக்கியமாக இருந்தாலும் பல வருடங்களாகச் சாதாரண பிசி லினக்ஸ் அதை மவுண்ட் செய்ய மறுத்தது. டிபக்எஃப்எஸ் மவுண்ட் செய்வதே இல்லை என்பதால் அதற்கு இந்தத் தகராறு கிடையாது, திறந்து எடுத்துக் கொடுத்துவிடும்.

மிச்சம் இரண்டு கெட்ட இடங்கள். எந்தப் படம் போயிற்று என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க முடியுமா? மேப் ஃபைலில் கெட்ட இடம் பைட் கணக்கில், பதினாறின் அடிமான எண்ணில் இருக்கும். அதைச் சாதாரண எண்ணாக்கி 4096-ஆல் வகுத்தால் பிளாக் எண். உதாரணமாக 81920000 என்றால் 20000-ஆவது பிளாக். (பகுதியை மட்டும் தனியாக நகல் எடுத்ததால்தான் கணக்கு இவ்வளவு சுலபம். முழு டிஸ்க்கையும் எடுத்திருந்தால் பகுதி தொடங்கும் இடத்தை முதலில் கழிக்க வேண்டும்.) அந்த எண்ணை ஐசெக் கட்டளைக்குக் கொடுத்தால் எந்த ஐநோட் என்று சொல்லும். அந்த ஐநோட்டை என்செக் கட்டளைக்குக் கொடுத்தால் ஃபைலின் முழுப் பாதையும் வரும். பெரிய டிஸ்க்கில் இதற்கு நேரம் எடுக்கும், டீ போட்டுக்கொண்டு வரலாம். ஒரு கெட்ட இடம் யாருக்கும் சொந்தமில்லாத காலி பிளாக். இன்னொன்று கல்யாண வீடியோவின் நடுவில். ஓட்டிப் பார்த்தோம், பந்தியில் சோறு பரிமாறும் இடத்தில் இரண்டு மூன்று விநாடி கட்டம் கட்டமாக உடைகிறது. தாலி கட்டுவது பத்திரம்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. நாலைந்து வருடத்துக்கு முன் யாரோ தெரியாமல் அழித்த ஒரு ஃபோல்டர், தங்கையின் குழந்தைப் படங்கள், அதில் உண்டு என்றார் வாசகி. எல்எஸ்டெல் என்ற கட்டளை அழிந்த ஐநோட்களைக் காட்டுவதற்காகவே இருப்பது. பூஜ்யம் என்றது. இஎக்ஸ்டி2 காலத்தில் ஃபைலை அழித்தால் ஐநோட்டில் பிளாக் எண்கள் அப்படியே கிடக்கும், திரும்ப எடுக்கலாம். இஎக்ஸ்டி3-இலிருந்து, அழிக்கும்போதே அந்த எண்கள் துடைக்கப்படுகின்றன. படம் டிஸ்க்கில் எங்கோ இருக்கலாம், ஆனால் எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. அதற்கு வேறு வழி ஃபோட்டோரெக் என்ற கருவி. கிறிஸ்டோஃப் க்ரெனியே எழுதியது. ஐநோட்டைப் பற்றிக் கவலைப்படாமல், ஜேபெக் படம் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்து டிஸ்க் முழுவதும் தேடும். நகலில் ஓட்டியதில் சில படங்கள் வந்தன, ஃபோல்டரும் பெயரும் இல்லாமல். பலது வரவில்லை. அவற்றின் மேல் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது. எஸ்எஸ்டி என்றால் இந்த நம்பிக்கையும் குறைவு, அழித்த இடத்தை அதுவே சுத்தம் செய்துவிடும்.

வலையில் பரவலாகக் கிடைக்கும் ஓர் யோசனையை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. நகல் சூப்பர்பிளாக் எங்கே என்று தெரிய எம்கேஇ2எஃப்எஸ் கட்டளையை ஹைஃபன் என் போட்டு ஓட்டு என்பார்கள். அந்த "என்" இருந்தால் ஒத்திகை. விட்டுப்போனால் நிஜமாகவே புது ஃபைல் சிஸ்டம் எழுதிவிடும். ராத்திரி பதினொரு மணிக்குக் களைத்த கண்ணோடு அப்பாவின் டிஸ்க் முன்னால் ஓர் எழுத்தை நம்பி உட்காரத் தேவையில்லை, துண்டுச் சீட்டு இருக்கிறது. பழுதுபார்க்கும் இ2எஃப்எஸ்சிகே கட்டளையும் அப்படியே. நகலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டுங்கள், ஒரே நகலை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அது பெயர் தெரியாத ஃபைல்களை லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில், வெறும் ஐநோட் எண்ணையே பெயராக வைத்துப் போட்டுவிடும்.

வீட்டில் பதிமூன்று, பதினாலு வயதில் யாராவது இருந்தால், ஆபத்து எதுவும் வருவதற்கு முன்னாலேயே இதைப் பழகிப் பார்க்கலாம். டிஸ்க்கே வேண்டாம். லினக்ஸிலோ, ஹோம்ப்ரூ வழியாக இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் போட்ட மேக்கிலோ 64 எம்பிக்கு ஒரு வெற்று ஃபைல் உருவாக்கி, அதன் மேல் இஎக்ஸ்டி4 எழுதச் சொல்லுங்கள். இங்கே எம்கேஇ2எஃப்எஸ் தாராளமாக ஓடலாம். பிறகு டிபக்எஃப்எஸ்ஸை ஹைஃபன் டபிள்யூ போட்டுத் திறந்தால், ரைட் என்ற கட்டளையால் படங்களை உள்ளே போடலாம். பாட்டி படம், பூனைப் படம், எதுவும். ஸ்டாட் பார்க்கட்டும், ஐசெக், என்செக் பார்க்கட்டும். ஒரு நகல் எடுத்து அதன் சூப்பர்பிளாக்கை அழித்துவிட்டு, திரும்பத் திறக்க முடிகிறதா என்று பார்க்கட்டும். இவ்வளவு சின்ன ஃபைல் சிஸ்டத்தில் பிளாக் பல சமயம் 1024 பைட்டாக இருக்கும், அப்போது முதல் நகல் 32768-இல் இருக்காது, 8193-இல் இருக்கும். அழிப்பதற்கு முன் ஸ்டாட்ஸ் கட்டளையில் பிளாக் அளவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டு, அவர்களே கண்டுபிடிக்கிறார்களா என்று வேடிக்கை பார்க்கவும் செய்யலாம்.

ஒலிக் கோப்புகளை வீட்டில் எல்லோருடைய ஃபோனிலும் கேட்கிற மாதிரி வைப்பது எப்படி என்று அதே வாசகி கேட்டிருக்கிறார். அது அடுத்த மாதம்.